மருந்து குடித்துவிட்டுத்தான் போனார்

நான் தமிழ் ஆசிரியை. நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதினேழு வருடமாக இலக்கணம் கற்பிக்கிறேன். ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று பிள்ளைகளின் உயிரை வாங்குகிறவள். அப்படிப்பட்ட நான் சொன்ன ஒரே ஒரு தமிழ் வாக்கியம்தான் என் அண்ணனை அடித்துக் கொன்றவர்களுக்குக் குடை பிடித்தது. இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை பாதியில் எழுந்து போயிருக்கிறேன். இந்தத் தடவை எழுந்திருப்பதாக இல்லை.

அண்ணனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் நின்று தூசியை இழுத்து இழுத்து, முப்பது வயதுக்குள் அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு பழுப்பு நிற மருந்து கொடுப்பார்கள். காலையில் ஒரு மூடி, மாலையில் ஒரு மூடி. ஆள் நல்ல உயரம், கையைப் பார்த்தால் உலக்கை. ஆனால் அந்த ஒரு மூடியைக் குடிக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காலை உதறிக்கொண்டு ஒரு கூத்தே நடத்துவார். “புள்ளைங்ககூட இப்படிக் குடிக்காதுங்க” என்று அண்ணி திட்டுவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணனுக்கும் எனக்கும் அண்ணிதான் தாய் மாதிரி. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருந்தேன், இன்றைக்கும் இருக்கிறேன்.

அன்று காலை நான் பாடசாலைக்குப் புறப்பட்டபோது அண்ணன் வாசலில் நின்று மருந்து குடித்துக்கொண்டிருந்தார். மூக்கைப் பிடித்தபடியே எனக்குக் கையை ஆட்டினார். நான் சிரித்தேன். பஸ் வந்துவிடும் என்ற அவசரத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

தொழிற்சாலையில் ஒரு தண்ணீர் மோட்டார் காணாமல் போயிருந்தது. யாரோ அண்ணன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணி காலைப் பெரட்டில் பேர் பதிந்துவிட்டு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜீப் வந்திருக்கிறது. “ஒரு வாக்குமூலம் எடுக்கணும், பின்னேரம் திரும்பிடுவாரு” என்று லயத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டு அழைத்துப் போயிருக்கிறார்கள். அண்ணனும் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு போனாராம். தப்பு செய்யாதவன் தலையை வாரிக்கொண்டுதான் போவான். நானும் அண்ணியும் பின்னேரம் நிலையத்துக்குப் போனபோது பார்க்க விடவில்லை. “விசாரணை நடக்குது, நாளைக்கு வாங்க” என்றார்கள். பொலிஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று திரும்பி வந்தோம். அந்தப் புத்தியை எதால் அடிப்பது?

மறுநாள் மதியத்துக்கு முன்பாகவே பாடசாலை அதிபரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வார்டில் இல்லை, பிரேத அறையில் இருந்தார். அடையாளம் காட்ட என்னை உள்ளே விட்டார்கள். முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, தூங்குகிற மாதிரி இருந்தது. துணி கால் பக்கம் விலகியிருந்தது. இரண்டு உள்ளங்காலும் கறுத்து, நீலம் பாரித்து, வெடிக்கிற மாதிரி வீங்கியிருந்தன. நான் துணியை இழுத்து மூடினேன். வெளியே நின்ற அண்ணியிடம், “முகத்தை மட்டும் பாருங்க, போதும்” என்றேன். அதைக் காட்டி அந்த மனுஷியையும் கொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். யாரோ என்னைப் பெரிய புத்திசாலி என்று சொல்லிவைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

அந்தப் பின்னேரமே என்னிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். அண்ணியால் பேச முடியவில்லை. எழுதியது ஒரு சிங்களக் கான்ஸ்டபிள், லயங்களுக்குப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். எனக்கு நாற்காலி போட்டார். பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். “மெதுவா சொல்லுங்க டீச்சர், அவசரமில்ல” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் உருகிப்போனேன்.

“நேத்து காலையில உங்க அண்ணன் எப்படி இருந்தாரு?”

“நல்லாத்தாங்க இருந்தாரு. மருந்து குடிச்சிட்டுத்தான் போனாரு.”

“மருந்து குடிச்சிட்டா?”

“ஆமாங்க. நான் பார்த்தேனே.”

அவர் எழுதினார். எழுதியது சிங்களத்தில். பிறகு தாளைப் பார்த்துத் தமிழில் படித்துக் காட்டினார்: நேற்றுக் காலை மருந்து குடிச்சிட்டுத்தான் போனாரு. சரியா டீச்சர்? சரிதான். நான் சொன்னதேதான். நான் கையெழுத்துப் போட்டேன், அழகாக, பதிவேட்டில் போடுகிற மாதிரி.

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். காய்ச்சலுக்கு டிஸ்பென்சரியில் வாங்கிக் குடிப்பதும் எங்களுக்கு மருந்துதான். புல்லுக்கு அடிக்கிற நஞ்சும் எங்களுக்கு மருந்துதான். வீட்டில் மனம் வெறுத்து ஒருவன் அந்த நஞ்சை எடுத்துக் குடித்தால், அந்தச் செய்தியை லயத்துக்கு லயம் எப்படிச் சொல்கிறோம்? “மருந்து குடிச்சிட்டானாம்.” அவ்வளவுதான் சொல்வோம், கேட்டவர் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார். நஞ்சு என்ற சொல்லை நான் பாடப்புத்தகத்தில்தான் படித்தேன். வாயால் சொல்லப் பழகவில்லை.

சில வாரம் கழித்துப் பதுளையில் மரண விசாரணை. முன்வரிசையில் அண்ணியும் நானும் உட்கார்ந்திருந்தோம். பொலிஸ் தரப்பில் ஒருவர் எழுந்து, இறந்தவர் வீட்டிலேயே நஞ்சு குடித்துவிட்டு வந்தார், கூண்டுக்குள் வலிப்பு வந்து விழுந்து அடிபட்டார், அதற்கு அவருடைய தங்கையே சாட்சி என்றார். என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் வாசித்தார்கள். ஒரு சொல் மட்டும் என் காதில் தனியாக விழுந்தது. பெஹெத் என்றால் சிங்களத்தில் நோய்க்குக் குடிக்கிற மருந்து, அந்தளவு எனக்கும் தெரியும். அந்தத் தாளில் இருந்தது பெஹெத் இல்லை, வஹ. நஞ்சு. மொழிபெயர்ப்பாளர் எழுந்து எங்களுக்காகத் தமிழில் சொன்னார்: “காலையில் நஞ்சருந்திவிட்டே சென்றார் என இறந்தவரின் சகோதரி கூறியுள்ளார்.”

அண்ணி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. உட்காரச் சொன்னார்கள்.

பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே அறை வைத்திருந்த முஸ்லிம் பெண் லோயர் ஒருவர் எங்கள் வழக்கைக் கையில் எடுத்தார். எங்களை விடச் சின்னவர், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. வாக்குமூலத்தின் பிரதியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“டீச்சர், வாசிக்கத் தெரியாத தாள்ல எதுக்கு சைன் வச்சீங்க?”

“தமிழ்ல சரியாத்தானே படிச்சுக் காட்டுனாரு.”

“அவர் படிச்சது ஒண்ணு, எழுதினது ஒண்ணு. ஆனா கேட்டா, அந்தப் பக்கத்து வழக்கப்படிதான் விளங்கிக்கிட்டேன்னு சொல்லுவார். அதுவும் பொய்யின்னு சொல்லேலாது.” தாளை மடித்து வைத்துவிட்டு, “நஞ்சு குடிச்ச மனுஷன் உள்ளங்கால்லயா விழுவான்? பாப்போம்” என்றார்.

அவர் விடவில்லை. எழுதினார், போனார், வந்தார், கொழும்புக்கும் நடையாய் நடந்தார். சித்திரவதைக் குற்றத்துக்காக அந்த நிலையத்தின் பொறுப்பதிகாரி மீதும் இரண்டு கான்ஸ்டபிள்கள் மீதும் வழக்குத் தாக்கலாக இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பொறுப்பதிகாரிக்கு வசதியான இடமாகப் பார்த்து மாற்றம் கிடைத்திருந்தது. அண்ணன் வேலை செய்த தொழிற்சாலையில் அந்த மோட்டாரும் கிடைத்துவிட்டது. பழுது பார்க்க எடுத்துப்போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மூன்று பேரில் ஒருவராவது, ஒரு நாளாவது, செய்ததற்காகக் கம்பிக்குப் பின்னால் இருக்க வேண்டும். அரசாங்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டால் ஒரு மனுஷனைக் கட்டிப்போட்டு அடிக்கலாம் என்பது இல்லை என்று ஒரு நீதிபதி வாயால் சொல்லக் கேட்க வேண்டும். அதற்குக் குறுக்கே கிடந்தது என் வாக்கியம். வழக்கு ஒத்திவைக்கப்பட்ட ஒவ்வொரு தடவையும் அதை நினைத்து நினைத்து மனம் வெந்தேன். பாடசாலையில் முதலாம் வகுப்புச் சிங்களப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து, நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

லயத்தில் கதை வேறு மாதிரிப் பரவியிருந்தது. கோட்டிலேயே சொல்லிவிட்டார்களாம், மருந்துதான் குடித்தாராம். அப்படியென்றால் வீட்டில் என்ன நடந்தது? சும்மா ஒரு மனுஷன் குடிப்பானா? தண்ணீர்ப் பீலியடியில் அண்ணி வந்தால் பேச்சு நின்றுவிடும். அண்ணி கோயில் திருவிழாவுக்குப் போவதை விட்டார், கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டார். பெரட்டு, மலை, வீடு, அவ்வளவுதான். என்னிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சோறு ஆக்கி என் காம்பராவுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “சாப்புடு பாப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அண்ணனைப் போலவே அவரும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அண்ணிக்கு என் மேல் கோபம், கையெழுத்துப் போட்ட என்னை மன்னிக்கவே மாட்டார் என்று எனக்கு நிச்சயம். நான் அதற்குத் தகுதியானவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் நானும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

வைத்தியர் சாட்சி சொல்ல வந்த நாளில் அண்ணியை வர வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். விலா எலும்பு எத்தனை, உள்ளங்காலில் எத்தனை அடி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது அந்த மனுஷி உட்கார்ந்திருக்க வேண்டாமே என்றுதான். வீட்டுக்கு வந்து, “டாக்டர் நல்லபடியா சொல்லிட்டாரு அண்ணி” என்றேன். அவர் தலையாட்டினார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடித்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் இருந்தார். கசிப்புச் சாராய வழக்கில் பிடிபட்டு அடுத்த கூண்டில் கிடந்தவர். லோயரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதவர், சாட்சிக் கூண்டில் ஏறியதும், “நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேங்க” என்றார். யார் அடித்தார்கள்? “சத்தம்தாங்க கேட்டுச்சு.” இறங்கிப் போகும்போது எங்கள் பக்கமே பார்க்கவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அதே ஊரில்தான் இருக்க வேண்டும், அதே நிலையத்தைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும்.

பிறகு என் முறை. எதிர்த்தரப்பு லோயர் நல்ல மரியாதைக்காரர். டீச்சர், டீச்சர் என்றுதான் கேட்டார்.

“உங்கள் தோட்டத்தில் ஒருவர் மருந்து குடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் என்ன நினைப்பீர்கள்?”

“அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்குங்க.”

“முதலில் மனதில் வருவது எது?”

சத்தியம் செய்துகொடுத்துவிட்டு நிற்கிறேன். பொய் சொல்லியிருக்கலாம். அண்ணனுக்காகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பொய்யை எதிர்த்து வந்த இடத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“கெட்டதுதாங்க வரும்,” என்றேன்.

அவர் நன்றி சொல்லி உட்காரப் போனார். நான் விடவில்லை. நான் சொன்னது குடிச்சிட்டாரு என்று இல்லை, குடிச்சிட்டுத்தான் போனாரு என்று. அந்தத் ‘தான்’ இருக்கிறதே, அது தவறாமல் செய்கிற காரியத்துக்குத்தான் வரும். சாப்பிட்டுத்தான் போனார், குளிச்சிட்டுத்தான் போனார் என்கிற மாதிரி. நஞ்சு குடித்தவனை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இத்தனை வருடமாகக் கற்பித்ததையெல்லாம் கூட்டி, கோடு கிழித்துக் காட்டாத குறையாக விளக்கினேன். மொழிபெயர்ப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நீதிபதியிடம் சிங்களத்தில் இரண்டே சொல் சொன்னார். “தவறான புரிதல்.” அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லும் எனக்குப் புரிந்தன. அது போதாது என்பதும் புரிந்தது.

வாக்குமூலம் எழுதிய கான்ஸ்டபிளும் வந்தார். அவர் மேல் குற்றச்சாட்டு இல்லை, அவர் சாட்சி மட்டும். “டீச்சர் சொன்னதைத்தான் எழுதினேன்” என்றார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தே எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துதான் எழுதினார் என்றால் அவரைச் சபித்துவிட்டு நிம்மதியாக இருப்பேன். அதற்கும் வழியில்லை.

போன மாசி மாதம் தீர்ப்பு. அண்ணன் போய் ஐந்து வருடமாகியிருந்தது. அன்றைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. லோயரம்மா வேறொரு வழக்குக்குப் போய் வந்து சேரவில்லை. நீதிபதி சிங்களத்தில் வாசிக்க ஆரம்பித்தார். நீளமான தீர்ப்பு. நான் மூச்சுவிடாமல் கேட்டேன். அண்ணி புரியாமல், நீதிபதியின் வாயையே பார்த்தபடி, சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உடலில் நஞ்சு இருந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை என்று நீதிபதி சொன்னார். வாக்குமூலத்தில் உள்ள அந்தச் சொல்லை ஏற்க முடியாது என்றார். நிலையத்துக்குள் வைத்து அடித்ததால்தான் இந்த மனிதர் இறந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். பிறகு அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஆனால் இந்த மூவரில் அடித்தது யார் என்று காட்டச் சாட்சி இல்லை. பொறுப்பதிகாரி அப்போது நிலையத்தில் இருந்தார் என்பதும் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. சந்தேகத்தின் பலன் அவர்களுக்கே. மூவரும் விடுதலை.

என் அண்ணனை அடித்துக் கொன்றிருக்கிறார்கள். ஆனால் யாரும் கொல்லவில்லை. இதை எந்த வகுப்பில் எப்படி இலக்கணமாக விளக்குவேன்?

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் எங்களைத் தாண்டி இறங்கிப் போனார்கள். ஒருவர் தொலைபேசியில் யாரிடமோ சிரித்துப் பேசினார். நான் படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என்ன பாப்பா சொன்னாங்க?”

“விட்டுட்டாங்க அண்ணி. மூணு பேரையும் விட்டுட்டாங்க.” நான் அழ ஆரம்பித்திருந்தேன். “என்னை மன்னிச்சிருங்க அண்ணி. நான் அந்தக் கையெழுத்து...”

அவர் என் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை.

“மருந்தைப் பத்தி என்ன சொன்னாரு?”

“குடிக்கலைன்னு சொல்லிட்டாரு.”

“அந்த ஐயா வாயாலயே சொன்னாரா? நல்லா கேட்டியா?”

“நல்லா கேட்டேன். உடம்புல நஞ்சே இல்லைன்னாரு.”

அண்ணி வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு யாருக்கோ பயந்தவர் மாதிரி மெல்லிய குரலில் பேசினார்.

“அன்னிக்கு நீ இஸ்கூலுக்குப் போன பொறவு நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டோம் பாப்பா. எதுக்குன்னுகூட இப்ப நெனப்பு இல்ல. பெரட்டுக்கு நேரமாச்சுன்னு கெளம்புறப்ப, ‘எங்கயாச்சும் செத்துத் தொலைங்க’ன்னு சொல்லிட்டுப் போனேன். அப்புறம் கோட்டுல அப்படிச் சொன்னாங்கல்ல... நான் சொன்னதாலதான் குடிச்சிட்டாருன்னு இருந்தேன். நான் மலைக்குப் போன பொறவு குடிச்சிருப்பாருன்னு.”

ஐந்து வருடம். ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். என் மேல் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாக்கியத்தை நம்பியவர் அந்த நீதிபதி இல்லை, அண்ணிதான். துணியை நான் மூடாமல் இருந்திருந்தால், வைத்தியர் சொன்னதை அவர் காதால் கேட்க விட்டிருந்தால், அவர் இதைச் சுமந்திருக்கவே மாட்டார்.

அண்ணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன விரல்கள்.

“அப்ப அவங்க அடிச்சுத்தானே செத்தாரு? உண்மையச் சொல்லு பாப்பா. அடிச்சுத்தானே?”

“ஆமா அண்ணி,” என்றேன். “அடிச்சுத்தான் கொன்னாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோட்டுப் படிக்கட்டில், அத்தனை பேர் போய் வருகிற இடத்தில், என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “அப்பாடா” என்றார்.